பதினான்காம் மாடிப் புகார்

முதல் புகார் வந்த அன்று பூங்கோதைக்குச் சிரிப்புதான் வந்தது.

கோவையில் இருகூர் போகும் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது ரயிலடித் தொழிற்பேட்டை. எழுபத்தாறு பட்டறைகள். அதில் பதினெட்டாம் எண் அவளுடையது. ஆறு லேத், ஒரு கிரைண்டர், ஒன்பது ஆட்கள். தண்ணீர் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. இதே பேட்டையில் பேக்கிங் வேலைக்கு வந்து, ஆள் வராத நாட்களில் லேத் பிடித்துப் பழகி, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவள். இப்போது வயது நாற்பத்தேழு. மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பிப் பேசியே பழகிவிட்டதால் அரசாங்க அலுவலகத்தில்கூட அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

புகார், நிலப் பயன்பாட்டு ஆணையத்தின் முத்திரையோடு வந்திருந்தது. ‘வடக்குக் கோபுரம், பதினான்காம் மாடி, வீட்டு எண் 1407. புகார்தாரர்: திருமதி மஞ்சரி. தங்கள் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தத்தால் பகலில் குழந்தை தூங்குவதில்லை. விளக்கம் தரவும்.’

பூங்கோதை காகிதத்தோடு வெளியே வந்து சுற்றிலும் பார்த்தாள். பேட்டையில் மாடி என்று ஒன்றே கிடையாது. புகாரில் இருந்த சர்வே எண்ணைப் படித்தாள். அது அவளுடைய இடத்தின் எண். அவள் தன் கூரையையும், அதற்கு மேலே இருந்த வெறும் ஆகாயத்தையும் பார்த்தாள்.

“யாரோ வெளையாடறாங்கக்கா. கிழிச்சுப் போடுங்க,” என்றான் தங்கராசு. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து லேத் ஓட்டும் டர்னர்; அவளைவிட மூத்தவன் என்றாலும் முதலாளியை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

கிழித்துத்தான் போட்டாள். எட்டாம் நாள் இரண்டாவது புகார் வந்தது. அதே வீடு, அதே மஞ்சரி. கீழே சிவப்பில் ஒரு வரி: ‘மூன்று புகார்கள் ஏற்கப்பட்டால் தொழில் அனுமதி ரத்தாகும்.’

அன்று மதியமே ஆணையத்துக்குப் போனாள். துணைத் திட்ட அலுவலர் அருள்பிரகாசம் என்பவரைக் காட்டினார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த, யார் திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்த மனிதர்.

“ஏனுங்க சார், இந்த வடக்குக் கோபுரம் எங்க இருக்குதுங்க?”

“இன்னும் கட்டலைங்க மேடம்.”

“கட்டாத வீட்டுல குடியிருக்கறவங்க எம்மேல புகார் குடுத்திருக்காங்களாக்கும்?”

“ஆமாங்க மேடம்.”

அவர் கேலி செய்யவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“உக்காருங்க, சொல்றேன். உங்க பேட்டை நிலத்தைத் தொழில் நிலம்ங்கறதுல இருந்து மாத்தப் போறாங்க. ரயில் பாதை ஓரமா அஞ்சு கோபுரம். கீழ கடை, ஆபீஸ். மேல பூரா வீடு. முன்னெல்லாம் இப்படி மாத்தும்போது இப்ப அங்க இருக்கறவங்ககிட்ட மட்டும்தான் கருத்துக் கேட்டாங்க. நாளைக்கு வரப்போறவங்களுக்கும் உரிமை உண்டில்லையான்னு ஒரு வழக்கு வந்துச்சு. சட்டத்தைத் திருத்திட்டாங்க. அப்படி வரப்போறவங்களுக்குப் பேரு வருநர்.”

“வரப்போறவங்க யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கம்ப்யூட்டர் உருவாக்கும். இந்த ஊர் ஜனங்க கணக்கை வச்சு, இப்படிப்பட்ட இடத்துக்கு எப்படிப்பட்டவங்க வருவாங்களோ அப்படியே ஆறாயிரத்து இருநூத்து நாப்பது பேர். ஒவ்வொருத்தருக்கும் குடும்பம் உண்டு, வேலை உண்டு, சளி காய்ச்சல் உண்டு. அந்தக் கோபுரத்துல குடியிருக்கற மாதிரியே கம்ப்யூட்டருக்குள்ள வாழ்ந்துட்டு இருக்காங்க. உங்க தெரு விளக்குக் கம்பத்துல மைக் வச்சிருக்கோம். அந்தச் சத்தம் அவங்களுக்குக் கேக்கும்.”

“பொறக்காத கொழந்தை தூங்கலேன்னு நான் பட்டறையைச் சாத்தோணுமா சார்?”

“அந்தக் குழந்தைக்கு ரெண்டு வயசுங்க மேடம். குடிவரலை, அவ்வளவுதான்.”

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் கத்தினாள். அருள்பிரகாசம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சத்தத்தைக் குறைத்துப் பார்க்கும்படி தாழ்ந்த குரலில் சொன்னார்.

அவளும் குறைத்துப் பார்த்தாள். கிரைண்டருக்கு அடியில் ரப்பர் போட்டாள். கதவுகளைச் சாத்தி வைத்தாள். உள்ளே ஆட்கள் வியர்வையில் நனைந்து போனார்கள். இவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வியாழக்கிழமை ஒரு மெஷினையும் ஓட்டவில்லை. ஒன்பது பேரும் வாசலில் உட்கார்ந்து ரயில் போவதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கைபேசியில் ஆணையத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. வியாழக்கிழமை பத்தரை மணிக்கு இரும்பு அறுக்கும் சத்தத்தில் 1407-இல் குழந்தை எழுந்து அழுததாம்.

இந்த முறை அருள்பிரகாசத்தின் மேஜை முன்னால் நின்றுகொண்டே பேசினாள்.

“வியாழக்கெழமை நான் மெஷினே போடலைங்க. எப்படிங்க சத்தம் கேக்கும்?”

அவர் திரையில் எதையோ தேடினார். “இது அந்த வியாழக்கிழமை இல்லைங்க மேடம். ஆறு மாசத்துச் சத்தத்தைச் சராசரி போட்டு எடுத்த வியாழக்கிழமை.”

பூங்கோதை இரண்டு கைகளையும் மேஜைமேல் ஊன்றினாள். பிறகு, அவளைப் பொறுத்தவரை மிக மெதுவாக, “சார், நான் அந்தப் பொண்ணுகிட்டப் பேசோணும்,” என்றாள்.

அவள் கோபத்தில் சொன்னாள். ஆனால் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. சமரசக் கூட்டம் என்று பெயர். இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் அறையைத் திறக்கச் சாவி தேட வேண்டியிருந்தது.

அறையில் ஒரு மேஜை, ஒரு திரை. உள்ளே போகுமுன் அருள்பிரகாசம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். “அவங்க நிஜமில்லைன்னு அவங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்க மேடம். சொன்னா மேலிடத்துல புகாரை அப்படியே ஏத்துக்குவாங்க.”

திரையில் முப்பது வயதிருக்கும் ஒரு பெண் தெரிந்தாள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றியிருந்தாள். பின்னால் கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள். மடியில் இருந்த குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பூங்கோதை சண்டைக்குத் தயாராக வந்தவள். சட்டைகளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வணக்கம்ங்க்கா. சத்தம் சம்பந்தமாப் பேசோணும்னு சொன்னாங்க,” என்றாள் மஞ்சரி.

“ஆமா கண்ணு. அது லேத் சத்தம். கிரைண்டர் சத்தமும் இருக்கும். பட்டறை என்னுதுதான்.”

“லேத்துங்களா? எங்க வீட்டுக்காரரும் லேத்துலதாங்க இருக்கறாரு.”

“எங்க?”

“தாராபுரத்துக்குப் பக்கத்துலைங்க. இங்க சுத்துவட்டாரத்துல பட்டறையே இல்லைங்களே. ரயில் பக்கம்னு வீடு பாத்து வந்தோம். ஆனா அந்தப் பக்கம் ரயிலே இல்லை. பஸ்ஸு மாறி மாறிப் போறாரு. போக வர நாலரை மணி நேரம். இவன் எந்திரிக்கறதுக்கு முன்ன போனா, தூங்குனதுக்கப்புறம்தான் வருவாரு. ஞாயித்துக்கெழமை அவரைப் பாத்தா இவன் மொகத்தைத் திருப்பிக்கறானுங்க.”

பூங்கோதைக்கு ஒன்று உறைத்தது. “கொஞ்சம் இரு கண்ணு. எம்பட்டறை இருக்கற எடத்துலதான் உங்க வீடு. சுத்துவட்டாரத்துல பட்டறையே இல்லைங்கறே. அப்புறம் சத்தம் எங்கிருந்து வருது?”

“தெரியலைங்க்கா,” என்றாள் மஞ்சரி. “ஆனா கேக்குது.”

அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்த அருள்பிரகாசத்தைப் பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்றைய சத்தத்தையும் நாளைய வீட்டையும் ஒரே இடத்தில் போட்டுக் கலக்கியிருந்தார்கள். அதைப் பற்றி அவர் மேலதிகாரிகளுக்கு எழுதி ஐந்து மாதமாகிறது என்று பிற்பாடு சொன்னார்.

“அந்தச் சத்தம் உனக்கு அவ்வளவு தொந்தரவாவா இருக்குது?”

மஞ்சரி குழந்தையை மறு தொடைக்கு மாற்றினாள். “நெசத்தைச் சொல்லட்டுங்களா? பகல்ல இவன் ஒரு சத்தத்துக்கு எந்திரிச்சா இன்னொரு சத்தத்துக்குத் தூங்கிருவான். எனக்கு இருக்கற கொறை வேற. ஆனா புகார்த் தாள்ல சத்தம், தூசி, நாத்தம், போக்குவரத்துன்னு நாலு கட்டந்தான் இருந்துச்சு. வேலை தூரமா இருக்குதுங்கறதுக்குக் கட்டமே இல்லை. எதையாச்சும் எழுதுனா யாராச்சும் வந்து என்னன்னு கேப்பாங்கன்னு சத்தம்னு போட்டுட்டேன். நீங்கதான் கேட்டீங்க.”

பிறகு அவளே சொன்னாள். “கீழ பட்டறை இருந்திருந்தா இவரு மத்தியானச் சோத்துக்கே மேல வந்துருவாரு. இல்லீங்க்கா?”

“வந்துருவாரு,” என்றாள் பூங்கோதை.

மஞ்சரி புகார்களைத் திரும்பப் பெற்றாள். அதோடு நிற்கவில்லை. வருநருக்கு மனுக் கொடுக்கவும் உரிமை இருந்தது. கோபுரத்தின் கீழ்த் தளங்களில் பட்டறைகள் வேண்டும், கடையும் ஆபீஸும் மட்டும் போதாது என்று எழுதினாள். எழுதியதை வீடு வீடாகக் கொண்டு போனாள். கம்ப்யூட்டருக்குள்ளே காலம் வேகமாக ஓடும் என்பதால் வெளியே பத்து நாள் ஆவதற்குள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வெல்டர்கள், ஃபிட்டர்கள், தையல்காரர்கள், அவர்களுடைய மனைவிமார், கணவன்மார்.

அருள்பிரகாசம் போனில் இதைச் சொன்னபோது அவர் குரலில் முதல்முறையாக ஒரு தெம்பு இருந்தது. தங்கராசு பேட்டை முழுக்கச் செய்தி பரப்பினான். பொறக்காதவங்க நம்ம பக்கம் வந்துட்டாங்க என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள்.

பதிமூன்றாம் நாள் அருள்பிரகாசமே பட்டறைக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“மேடம், அவங்களை நீக்கிட்டாங்க.”

“ஆரை?”

“கையெழுத்துப் போட்ட எல்லாரையும். மேலிடத்துல ஒரு விளக்கம் குடுத்திருக்காங்க. திட்டத்தை ஏத்துக்காதவங்க அங்க குடிவர மாட்டாங்க. குடிவராதவங்க வருநர் ஆக மாட்டாங்க. அதனால அவங்களுக்கு மனுப் போட உரிமையில்லை. அவங்களுக்குப் பதிலா வேற ஆளுங்களைப் போட்டாச்சு.”

பூங்கோதை லேத்தை நிறுத்தினாள். “1407-ல?”

“ஒரு கணவன் மனைவி. ரெண்டு பேருக்கும் வீட்டுலயே கம்ப்யூட்டர் வேலை. அவங்களுக்குக் குறை ஒண்ணுமில்லை.”

“அந்தக் கொழந்தை?”

ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் வியர்த்திருந்தது.

“நான் பதினோரு வருஷமா இந்த வேலையில இருக்கேன்,” என்றார். “வேணாம்னு சொல்றவங்க வரமாட்டாங்க, அப்ப வர்றவங்க எல்லாரும் வேணும்னு சொல்றவங்க. இதை ஃபைல்ல எழுதி அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க மேடம். ஒருத்தர்கூடச் சிரிக்கலை.”

“இப்ப எதுக்கு வந்தீங்க?”

“நீக்குனவங்க பட்டியல் பொது ஆவணம். எழுதிக் கேட்டா குடுத்துதான் ஆகணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

பூங்கோதை அங்கேயே, எண்ணெய்க் கையோடு, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

பொது விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் கட்டியிருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி வசுந்தரா தலைவராக உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஆணையத்தின் பொறியாளர், இன்னொரு பக்கம் கட்டுமான நிறுவனத்தின் வக்கீல். முதலில் பொறியாளர் எழுந்து வருநர் கருத்தைத் தாக்கல் செய்தார். ஆறாயிரத்து இருநூற்று நாற்பது பேரும் திட்டத்தை ஏற்கிறார்கள். எதிர்ப்பு இல்லை.

பிறகு இப்போதைய ஆட்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். முதலில் பூங்கோதையைக் கூப்பிட்டார்கள். பட்டறை இடம் போவதைப் பற்றிப் பேசுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் பட்டியலைப் பிரித்தாள்.

“மஞ்சரி, 1407. வீட்டுக்காரர் டர்னர். வேலைக்குப் போக வர நாலரை மணி நேரம். கொழந்தைக்கு ரெண்டு வயசு. நீக்கியாச்சுங்க. ஆரோக்கியமேரி, 1102. தையல் வேலை. போக வர மூணு மணி நேரம். நீக்கியாச்சுங்க. சின்னப்பன், 906. வெல்டர்…”

மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை. மணி அடிக்கும்வரை இருபது பேரைப் படித்தாள். அடுத்து தங்கராசு வந்தான். பட்டியலை அவள் கையிலிருந்து வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பவன் என்பதால் ஒன்பது பேர்தான் முடிந்தது. அடுத்து பத்தொன்பதாம் பட்டறைக்காரர். அடுத்து அவருடைய ஆட்கள்.

கட்டுமான நிறுவனத்தின் வக்கீல் இரண்டு முறை எழுந்து ஆட்சேபித்தார். “இல்லாத ஆட்களின் பெயரைப் படித்து நேரத்தை வீணாக்குகிறார்கள்.”

“இல்லாத ஆட்களின் சம்மதத்தை எஞ்சினியர் காலையில் தாக்கல் செய்தபோது நான் நேரத்தைப் பற்றிப் பேசவில்லையே,” என்றார் வசுந்தரா. “உட்காருங்கள்.”

பகல் ஒரு மணிக்கு நாற்பத்தெட்டு பேர் பேசி முடித்திருந்தார்கள். பட்டியலில் பாதிகூடத் தாண்டவில்லை. சமையற்கட்டிலிருந்து யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது. வசுந்தரா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் போட்டார்.

“எஞ்சினியர் சார், ஒரு சந்தேகம். வேண்டாம் என்று சொன்னவர்களை எல்லாம் நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் யார்?”

“வேண்டும் என்று சொன்னவர்கள், மேடம்.”

“இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் எதற்கு?”

பொறியாளர் விதி எண்ணைச் சொல்லத் தொடங்கினார். மண்டபத்தில் எழுந்த சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை. பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த பெயர் எது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பேட்டை நிலம் முழுவதையும் மாற்றக் கூடாது. கோபுரங்கள் கட்டலாம்; ஆனால் ஒவ்வொன்றின் கீழ் இரண்டு தளங்களும் பட்டறைகளுக்கு. இப்போது இருப்பவர்களுக்கே முதல் உரிமை. கட்டி முடியும்வரை மூன்று வருடம் நகருக்கு வெளியே தற்காலிகக் கொட்டகை.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. கொட்டகை இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவளுடைய ஒன்பது பேரில் நான்கு பேர் அவ்வளவு தூரம் வர முடியாது என்று நின்றுகொண்டார்கள். தங்கராசும் அதில் ஒருவன். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “மூணு வருஷம் கழிச்சுக் கூப்புடுங்கக்கா,” என்றான். அப்போது அவனுக்கு அறுபத்தொன்று ஆகியிருக்கும்.

புதிய வரைபடத்தில் கையெழுத்துப் போட அவள் ஆணையத்துக்குப் போனாள். அருள்பிரகாசம் தாளை விரித்து அவளுடைய இடத்தைக் காட்டினார். வடக்குக் கோபுரத்தின் அடியில், ரயில் பாதையைப் பார்த்த பக்கம். நல்ல இடம். பூங்கோதையின் விரல் அங்கிருந்து ஒவ்வொரு மாடியாக மேலே போனது. பன்னிரண்டில் கோடு முடிந்துவிட்டது.

“பதினாலு எங்கீங்க?”

“கீழ மெஷின் வந்தா அதிர்வு இருக்கும். அதுக்குத் தூணைப் பெருசாக்கணும். அதனால உயரத்தைக் குறைச்சுட்டாங்க.”

அவள் கையை எடுக்கவில்லை. “பட்டறை வேணும்னு கேட்டது அவதானுங்களே.”

“ஆமாங்க.”

“கேட்டது கெடைச்சுது. அவ வீடு போயிருச்சு.”

“அவங்க எப்பவுமே இல்லைங்க மேடம்,” என்றார் அவர், முடிந்த அளவு இதமாக. “இந்தப் புது வரைபடத்துக்குப் புதுசா ஆளுங்களை உருவாக்கியாச்சு. பழைய கணக்கை அழிச்சாச்சு.”

பூங்கோதையின் குரல் மறுபடியும் மெஷினுக்கு மேல் எழும்பியது. “இல்லாதவங்க புகார் குடுத்தா எனக்கு நோட்டீஸ் வருது. அதே இல்லாதவங்களுக்கு ஒரு நன்றி சொல்லோணும்னா மட்டும் ஆளில்லையா உங்க ஆபீஸ்ல?”

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி நன்றி சொல்ல எந்த விதியிலும் இடம் இல்லை. ஆனாலும் அருள்பிரகாசம் இழுப்பறையைத் திறந்து உள்ளே தேடத் தொடங்கினார், ஏதாவது ஒரு படிவம் அகப்படுமா என்று.